பொம்மைக்கு நின்ற காவல்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்று, தம் வரவேற்புரையிலேயே "விளையாட்டு வினையாகும்" என்று எங்கள் தலையில் ஒரு குட்டும் வைத்துவிட்டு அமைதியாக அமர்ந்திருக்கும் ஐயா ராமசாமி அவர்களே. பினாங்கு மண்ணில் எத்தனையோ மேடைகளைக் கண்டு, இந்த மேடையையும் பொறுத்துக்கொள்ள வந்திருக்கும் ஆன்றோர்களே. பெற்ற பிள்ளைகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று நேரில் பார்த்துவிடப் புறப்பட்டு வந்திருக்கும் தாய்மார்களே. ஜெலுத்தோங்கிலிருந்தும் பிறையிலிருந்தும் செபராங் ஜெயாவிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் விளையாட்டுத் தோழர்களே, தோழியரே. கடைசி வரிசையில், வாசலோரத்தில், தொப்பியை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் தம்பி கமாலே. அனைவரையும் நெஞ்சார மதித்துப் பேசத் தொடங்குகிறேன்.

என் பெயர் சந்திரசேகரன். பிறையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்த்தவன். தமிழுக்கே சிறப்பு ழகரம் என்பார்கள். அது என் வாயில் இப்போது இடறி விழும். பொறுத்துக்கொள்ளுங்கள், போன ஆண்டு நானே இடறி விழுந்தவன்.

'இருள்துறை' விளையாட்டின் ஆறாம் பாகம் வெளிவரும் நாளில் அதன் பெருமையைப் பேச என்னை அழைத்தார்கள். பேசுகிறேன். ஆனால் நான் மேடையேறியது ஆறாம் பாகத்துக்காக அல்ல. அந்தக் கடைசி வரிசைக்காக. அங்கே இருக்கும் ஒருவனை நான் இழந்துகொண்டிருக்கிறேன்.

தாய்மார்களே, இருள்துறை என்பது என்ன? கடலில் மூழ்கிக்கொண்டிருக்கும் ஒரு துறைமுக நகரம். தண்ணீருக்குள்ளிருந்து செத்தவர்கள் கரையேறி வருகிறார்கள். ஆளுக்கொரு விளக்கோடு நாம்தான் காவல். உயிரோடிருப்பவர்களைப் படகேற்றி அனுப்ப வேண்டும். ஐந்து பாகம் வந்திருக்கிறது. தோழர்களே, ஐந்தில் எதிலாவது நகரம் தப்பியதா?

கேட்டீர்களா, அரங்கமே "இல்லை" என்கிறது. தப்பவே தப்பாது. மற்ற விளையாட்டு மகுடம் தரும், இது தராது. மற்ற விளையாட்டு மாலை போடும், இது போடாது. பத்துப் பேரைப் படகேற்றினால் பதினோராவது ஆள் கரையில் நின்று கையசைப்பான். அதைப் பார்த்துத்தான் நான் இதை நேசித்தேன். தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்குத் தெரியும், வாழ்க்கையில் யார் மகுடம் தருகிறார்கள்? பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துக்கொள், அவ்வளவுதான் உன்னால் ஆகும் என்று எனக்குச் சொன்ன ஒரே விளையாட்டு இதுதான்.

நாங்கள் மூன்று பேர் ஒரு காவற்படை. செபராங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கும் தங்கை ஷர்மினி. ஜெலுத்தோங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் கமால். அதே ஜெலுத்தோங் ஃபிளாட்டில் அவனுக்கு இரண்டு மாடி மேலே, தனிக்கட்டையாக நான். அவரவர் வீட்டிலிருந்தே காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசிப் பேசி விளையாடுவோம்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். புறப்பட்டுப் போகிறவனைப் பார்த்து "எங்கே போகிறாய்" என்று நம் வீட்டில் கேட்பதுண்டா? கேட்டால் போகிற காரியம் உருப்படாது. யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் என் அம்மா என்னை உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, பிறகுதான் அனுப்புவார். கமாலின் உம்மாவும் அப்படித்தான். கோயிலும் பள்ளிவாசலும் வேறு, சகுனம் ஒன்று.

அந்த மரியாதையை நாங்கள் இருள்துறைக்குள்ளும் கொண்டுபோனோம். கமால் தொழப் போவான், கேட்க மாட்டோம். ஷர்மினி பிள்ளைக்குச் சோறூட்டப் போவாள், கேட்க மாட்டோம். ஆள் போனதும், விளையாட்டில் அவர் ஆட்டிவைக்கும் பொம்மை திரையில் அசையாமல் நிற்கும். மற்ற இருவரும் இரு பக்கமும் நின்று அதைக் காப்போம். திரும்பி வந்தவர் "வந்தாச்சு" என்பார். இவ்வளவு நாகரிகமான படை உலகத்தில் இல்லை என்று மார்தட்டிக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காப்பிக்கு அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டு வந்து விளையாட உட்கார்ந்தேன். என் வலக்கையிலிருந்து கட்டுப்பாட்டுக் கருவி நழுவியது. எடுக்கக் குனிந்தேன். தரை எழுந்து வந்து முகத்தில் அறைந்தது. கூப்பிட நினைத்தேன், நாக்கு என்னுடையதாக இல்லை. ஹெட்போன் கழன்று காதருகே கிடந்தது. பக்கவாதம் கையை எடுத்தது, காலை எடுத்தது, பேச்சை எடுத்தது. செவியை மட்டும் ஏன் விட்டது? கேட்பதற்காகத்தான் விட்டது.

கேட்டேன். "அண்ணே நின்னுட்டாரு. காப்பி கலக்கப் போயிருப்பாரு," என்றான் கமால். "ஷர்மினி, நீ இடப்பக்கம் நில்லு. நான் வலப்பக்கம் பாத்துக்கறேன். அண்ணே மேல ஒரு கீறல் விழக்கூடாதுலா."

என்ன பாசம், என்ன வீரம். என் பொம்மையைச் சுற்றி இருவரும் சண்டை போடுகிறார்கள். நான் இங்கே என் எச்சிலில் கிடக்கிறேன்.

கெட்டில் கூவத் தொடங்கியது. ஷர்மினிக்குத்தான் அது உறைத்தது. "கமால் அண்ணே, கெட்டில் கத்திட்டே இருக்கு. யாருமே அடைக்கலையே."

"பக்கத்து வீட்டுலயா இருக்கும்."

"இல்லண்ணே. நீங்க மேல போய்ப் பாருங்க. ரெண்டு மாடிதானே."

"போனவர எங்க போனீங்கன்னு தேடிக்கிட்டுப் போறதா? வந்துருவாருலா. இப்ப நான் நகந்தா அண்ணே செத்துருவாரு."

தோழர்களே, சிரிக்காதீர்கள். அன்றைக்கு உங்களில் எவர் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள்.

தண்ணீர் வற்றியது. கூவல் நின்றது. "பாத்தியா, வந்து அடைச்சிட்டாரு," என்றான் கமால். எவ்வளவு நிம்மதியாகச் சொன்னான் தெரியுமா? அந்த நிம்மதியைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் போய்விடும் என்ற பயமே வந்தது.

"அப்ப ஏன் பேசல?" என்றாள் ஷர்மினி. "நான் காவல விடறேன்."

எங்கள் படையில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. "இப்படி விட்டுட்டுப் போறியே, நீயெல்லாம் ஒரு ஆளா?" என்று கமால் கத்தினான். அவள் போய்விட்டாள். இடப்பக்கம் காவல் இல்லை. என் பொம்மை செத்த சத்தம் காதில் விழுந்தது. "மன்னிச்சிருங்கண்ணே, காப்பாத்த முடியல," என்று கமால் விசும்பியதும் காதில் விழுந்தது. பிறகு அவன் விளையாட்டை அணைத்துவிட்டான்.

அக்கரையில் இருக்கும் ஷர்மினி கடற்பாலம் கடந்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பாலத்தில் வண்டி எப்படி ஊரும் என்று உங்களுக்குத் தெரியும். வந்து என் இரும்புக் கதவை உலுக்கினாள், கமாலின் கதவை உடைக்கிற மாதிரி தட்டினாள். அவன் பட்டறைக்கு ஓடி, வெட்டுக்கருவி கொண்டுவந்து பூட்டை அறுத்தான். லிஃப்ட் பழுது. என்னை முதுகில் சுமந்துகொண்டு படிப்படியாக இறங்கினான். இறங்கும்போதெல்லாம் ஒரே சொல்தான்: "அண்ணே, அண்ணே, அண்ணே."

மருத்துவமனையில் டாக்டர் சொன்னார், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் இந்தக் கை பிழைத்திருக்கும் என்று. என்னிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற கமாலின் காதிலும் விழுந்தது. அன்றைக்கு அந்த அறையைவிட்டு வெளியே போனவன் இன்றுவரை என் முகம் பார்க்கவில்லை.

ஐயா ராமசாமி அவர்களே, உங்கள் குட்டுக்கு இப்போது பதில் சொல்கிறேன். விளையாட்டு என்னை வீழ்த்தவில்லை. என்னை வீழ்த்தியது என் இரத்தக் கொதிப்பு, மாத்திரையை அலட்சியம் செய்த என் திமிர். என் கையை எடுத்தது எது? நம் மரியாதை. கேட்கக் கூடாது என்ற மரியாதை, தேடிப் போகக் கூடாது என்ற மரியாதை, ரெண்டு மாடி ஏறிக் கதவைத் தட்டக் கூடாது என்ற பாழாய்ப்போன மரியாதை.

அது அன்றோடு முடிந்ததா? போன வாரம் கமாலின் மனைவி லைலா என் வீட்டுக்கு வந்தார். பட்டறை திறப்பதில்லை என்றார். சோறு இறங்குவதில்லை என்றார். சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடி, "நான் இருந்து என்ன ஆகப்போவுது லைலா" என்று கேட்டானாம். இதைச் சொல்லி என் முன்னால் அழுதார். ஃபிளாட் முழுக்கத் தெரியும். மார்க்கெட்டில் தெரியும், பள்ளிவாசலில் தெரியும். யாராவது கேட்டோமா? "விடுங்க, மனசு சரியில்ல, தானா வந்துருவான்" என்றோம். வழியில் பார்த்தால் தலையாட்டிவிட்டு ஒதுங்கி நின்றோம். இது அக்கறையா? ஒருவன் வீட்டுக்குள் செத்துக்கொண்டிருக்கிறான், நாம் வெளியே அவன் பொம்மைக்குக் காவல் நிற்கிறோம்.

கமால், ஷர்மினி இழுத்து வந்ததால்தான் இங்கே இருக்கிறாய், தெரியும். எனக்கு உன்மேல் கோபம் உண்டு. பொய் சொல்ல மாட்டேன். சட்டைப் பொத்தான் போட முடியாத காலை நேரங்களில் உன்னைத் திட்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் கோபத்தை உன்னிடம் சொல்லித் தீர்க்க நீ எனக்கு வேண்டும். நீயும் போய்விட்டால் நான் யாரைத் திட்டுவேன்?

எழுந்துவிட்டான். வாசலுக்குப் போகிறான். பாருங்கள், அந்த வரிசையில் எல்லோரும் எவ்வளவு அழகாகக் காலை மடக்கி வழி விடுகிறார்கள். இத்தனை பேர் இருக்கிறீர்கள், ஒருவர் வாயிலிருந்தும் அந்த ஒரு கேள்வி வரவில்லையே.

கமால், எங்கடா போற?

என்னது? உரக்கச் சொல். தண்ணி குடிக்கவா? தண்ணீர் மேடையிலேயே இருக்கிறது, தலைவர் இன்னும் அதைத் தொடவில்லை. ஷர்மினி, வாசலில்தானே நிற்கிறாய், அவன் கையைப் பிடி. சகுனம் கெட்டால் கெடட்டும். தாய்மார்களே, கொஞ்சம் வழி விடுங்கள், இந்தப் பக்கமாக, மேடைப் பக்கமாக.

பொறுமையாகக் கேட்ட தலைவருக்கு நன்றி. பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தோழர்களுக்கும் நன்றி. வணக்கம் சொல்லி முடிக்க வேண்டும். ஒற்றைக் கையால் கும்பிட எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வலக்கையைத் தூக்கிச் சேர்த்துப் பிடிக்க ஓர் ஆள் தேவை. அவன் படியேறும்வரை காத்திருக்கிறேன்.

வா. இப்படி நில். முழங்கையைத் தாங்கிப் பிடி, வலிக்காது. அழுதால் அழு, கையை மட்டும் விட்டுவிடாதே. இன்னும் கொஞ்சம் மேலே.

வணக்கம்.