நாலு பாட்டிலும் என்னுடையவை

உப்புக்காற்றும் நிலக்கரித் தூசியும் ஒருங்கே வீசுகிற இந்தத் துறைமுகச் சாலையிலே, ஒரு நாள் ஓட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த அவையை நிறைத்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே, எங்கள் சங்கத்தை இருபது ஆண்டுகளாய் இழுத்துச் செல்லும் தலைவர் ஞானதீபம் அண்ணாச்சி அவர்களே, ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் கை காய்த்துப்போன பெரியோர்களே, வண்டி எந்த ஊரில் நிற்கிறதோ என்று போனைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன தாய்மார்களே, பக்கத்துப் பந்தலில் பரிசோதனை முகாம் நடத்தக் காயல்பட்டினத்திலிருந்து வந்திருக்கும் லேப் தங்கை ருஷ்தா அவர்களே, உங்கள் அனைவருக்கும் டிரைவர் பாண்டியராஜின் பணிவான வணக்கம்.

தலைவர் எனக்குத் தந்த தலைப்பு ‘பயணமும் உடல்நலமும்’. இதைக் கேட்டதும் என் மனைவி சந்தனமாரி சிரித்தாள். “ஒங்களுக்கா இந்தத் தலைப்பு? தலைவருக்கு வேற ஆளே கெடைக்கலியா?” என்றாள். அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து இப்போதும் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். என்னோடு அவள் பட்ட பாட்டுக்கு அவளுக்கு அந்த உரிமை உண்டு.

தோழர்களே, நாம் தொடாத ஊர் உண்டா? நாம் மிதிக்காத மண் உண்டா? ஓசூர் தெரியும், பெங்களூர் தெரியும், எந்த வளைவில் பள்ளம், எந்த வளைவில் போலீஸ் என்பதெல்லாம் தெரியும். நம் உடம்பு நமக்குத் தெரியுமா? துறைமுக கேட்டில் நாலு மணி நேரம் வரிசையில் நிற்கிறோம். இறங்கினால் இடம் போய்விடும் என்று தண்ணீர் குடிப்பதில்லை. தூக்கம் வந்தால் டீ. பசி வந்தால் பரோட்டா. என்ன அங்கே சத்தம்? “பரோட்டாவ விடச் சொல்லாதீங்க அண்ணாச்சி” என்கிறார் ஒரு தம்பி. சொல்லவில்லை ஐயா, முதலில் என் கதையைக் கேளுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் இதே சாலையில் இதேபோல் ஒரு முகாம். ஆளுக்கொரு சின்ன பாட்டில் கொடுத்து, சிறுநீர் பிடித்து வரச் சொன்னார்கள். உடனே ஒரு வதந்தி கிளம்பியது. சர்க்கரை இருக்கிறது என்று சீட்டு வந்தால், வெளியூர் லைனிலிருந்து தூக்கிவிடுவார்களாம். என் சேக்காளிகள் மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். “பாண்டி, ஒனக்குத்தான் தும்மல்கூட வந்தது கெடையாதுல்லா. எங்களுக்கும் சேத்துப் பிடிச்சுக் குடுத்துரு” என்றார்கள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ட்ரெய்லருக்குப் பின்னால் போய் நின்றேன். நாலு பாட்டில், நாலு பெயர், ஊற்று மட்டும் ஒன்று. சிரியுங்கள் தாய்மார்களே, நன்றாகச் சிரியுங்கள்.

இரண்டு நாள் கழித்து, அந்த முகாமையும் நடத்திய ருஷ்தா வந்தார். “அண்ணாச்சி, நாலு பேருக்கும் அச்சு மாறாம ஒரே அளவு சர்க்கரை. நீங்க நாலு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்களா?” என்று கேட்டார். மெல்ல மெல்ல மூன்று விரல்கள் என் பக்கம் நீண்டன.

அந்த மூவரில் இருவர் பயந்துபோய் அந்த வாரமே தங்கள் சொந்த பாட்டிலைக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாமவன் என்ன சொன்னான் தெரியுமா? “சர்க்கர பாண்டிக்குல்லா இருக்கு, எனக்கா இருக்கு?” என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் மட்டும் என்ன யோக்கியமா? மிஷின் கோளாறு என்றேன். பிறகு பெரிய மனது பண்ணிச் சீனியை விட்டேன். விட்டுவிட்டு உடன்குடிக் கருப்பட்டி போட்டு ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் காபி குடித்தேன். நம்ம மண்ணில் விளைந்தது நம்மை என்ன செய்யும் என்று எண்ணினேன். “அண்ணாச்சி, கருப்பட்டியும் சர்க்கரதான். ஒடம்புக்கு ஊர்ப்பாசமெல்லாம் கெடையாது” என்று ருஷ்தா தலையில் அடித்துக்கொண்டார். கேட்டேனா? கேட்கவில்லை.

ஒரு சித்திரை மாதம், கரூரில் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சந்தனமாரி தரையைப் பார்த்தாள். “என்னங்க, நடந்து வந்த வழியெல்லாம் ரத்தமா இருக்கு?” என்றாள். என் வலது பாதத்தில் ஒரு கம்பித் துண்டு குத்தி நின்றது. கரூரிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் அந்தக் காலால்தான் ஆக்சிலேட்டரை மிதித்து வந்திருக்கிறேன். “வலிக்கவேயில்லையே, சந்தனம்” என்றேன். அவள் அழுதுவிட்டாள். சர்க்கரை என் காலை மரத்துப்போக வைத்திருந்தது. இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். எட்டு மாதம் வண்டியைத் தொடவில்லை.

இன்று மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டுச் சாப்பாடு கேபினில் ஏறுகிறது. கேட்டில் வரிசை நின்றால், முன்னால் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கி, வண்டியைப் பத்துச் சுற்று சுற்றி வருகிறேன். வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறேன். இடம் போய்விடவில்லை தோழர்களே. ஒருவருக்கொருவர் இடம் பார்த்துக்கொள்ள மாட்டோமா? பரோட்டாவா? மாதம் ஒருநாள் உண்டு தம்பி, சந்தனமாரி கையெழுத்துப் போட்டால்.

இவ்வளவுதான் பேச நினைத்து வந்தேன். ஆனால் இன்று காலையில் ஒன்று நடந்தது. அந்த மூன்றாமவன் என்னைத் தேடி வந்தான். இதோ, என் சட்டைப் பையிலிருந்து எடுக்கிறேன் பாருங்கள், ஒரு காலி பாட்டில். அதில் அவன் பெயர் ஒட்டியிருக்கிறது. என் கட்டைவிரல் அந்தப் பெயரை மறைத்திருக்கிறது. “ஏலே, நீதான் மாத்திர போட்டு எல்லாம் சரியாயிட்டல்லா. இப்ப ஒன்னுது சுத்தம். ஒரு பாட்டில் குடு” என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே குனிந்தபோது அவன் காலைப் பார்த்தேன். குதிகாலில் துணி சுற்றியிருந்தது. “என்னலே இது?” என்றேன். “லோடு கட்டுத சங்கிலி பட்டுட்டு, பங்குனியில” என்றான். “இது ஆவணில்லா நடக்கு” என்றேன். “வலிக்கவேயில்லலே, அதான் விட்டுட்டேன்” என்றான்.

வலிக்கவேயில்லை. நான் சந்தனமாரியிடம் சொன்ன அதே சொல். தோழர்களே, பாட்டிலை அவன் கையிலிருந்து வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

அவன் எதற்கு அஞ்சுகிறான்? லைன் போய்விடும் என்று அஞ்சுகிறான். தலைவர் அவர்களே, உங்களையே கேட்கிறேன், போய்விடுமா? தலைவர் எழுந்து நிற்கிறார், கேளுங்கள். “சர்க்கர இருக்குன்னு எவனையும் வண்டிய விட்டு எறக்க விடமாட்டேன். மருந்து திங்காம ஓட்டுனாத்தான் நானே எறக்குவேன்” என்கிறார். கேட்டாயா நண்பா? உன் காதில் விழுந்ததா?

என் விரல்கள் போன நாளில், ஆஸ்பத்திரி வாசலில் மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தவன் நீ. என் ரத்தம் கேள், தருகிறேன். என் வண்டி கேள், தருகிறேன். என் பங்குச் சோற்றைக் கேள், தட்டோடு தருகிறேன். இந்த ஒன்றை மட்டும் தரமாட்டேன். என் நலத்தை உன் பெயரில் எழுதி உன் காலைப் பறிகொடுக்க மாட்டேன்.

யாரது, கடைசி வரிசையில் எழுந்திருப்பது? கைதட்டாதீர்கள், கொஞ்சம் வழி விடுங்கள். தாங்கித் தாங்கி வருகிறான். மேடைக்கு வா. என்னலே சொல்லுத, மைக்கில் சொல்லட்டுமா?

“கட்டவெரல எடுலே. எம்பேரு லிங்கராஜ்னு எல்லாருக்கும் தெரியட்டும்” என்கிறான்.

எடுத்துவிட்டேன். பாட்டிலையும் கொடுத்துவிட்டேன், காலியாகவே கொடுத்துவிட்டேன். தங்கை ருஷ்தா அவர்களே, லிங்கராஜ் வருகிறான், அவன் காலையும் டாக்டரிடம் காட்டுங்கள். இன்னும் யார் யார் பையில் இரண்டு பாட்டில் இருக்கிறதோ, ஒன்றை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். இனி நான் பேசுவதைவிட இவனோடு வரிசையில் போய் நிற்பதுதான் முறை. வெயிலில் பொறுத்திருந்து கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. போகிற ஊரெல்லாம் நலமாய்ப் போய், இரண்டு காலோடும் வீடு வந்து சேருங்கள். வணக்கம்.