பறவை அலகில் ஒரு விதை

– அந்தப் பலகையை மாட்டாதீங்க சார். பொய் எழுதியிருக்கு.

– நாளைக்குக் கண்காட்சி திறக்கறோம்க்கா. என்ன பொய்?

– "பெரிய உருவத்தைப் பார்த்து நாணய அச்சைத் தானாகவே செதுக்கும் இயந்திரம்." தானாவா? இருபத்திரண்டு வருஷமா இதுகிட்ட நின்னு நான் வேடிக்கையா பார்த்தேன்?

– அதாவதுக்கா, முன்னெல்லாம் அச்சைக் கையாலயே செதுக்கினாங்க. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராது. இப்ப கம்ப்யூட்டர். நடுவுல இந்த மிஷின். அந்த வரலாற்றைச் சுருக்கமா...

– சுருக்குங்க, என்னைச் சேர்த்துச் சுருக்காதீங்க. இதோ, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பறவை உருவம். இந்த முனை இதைத் தடவிக்கிட்டே போகும். அந்த முனை காசு அளவுக்கு இரும்பை வெட்டும். ஒரு அச்சுக்கு மூணு நாள். முனை மழுங்குதான்னு காதாலயே கண்டுபிடிக்கணும். பச்சைப் புள்ளைய வெச்சிருக்கற மாதிரி சார், கண்ணு அசரக் கூடாது.

– சரிக்கா. ஆனா உருவத்துல இருக்கறதைத்தானே வெட்டும்? நீங்க எதையும் சேர்க்கலையே?

– சேர்த்திருக்கேன்.

– என்னது?

– பறவைக் காசு வெச்சிருக்கீங்களா? அலகுல என்ன?

– விதை. ஊருக்கே தெரியுமே.

– இப்ப இந்த உருவத்துல தேடுங்க.

– அக்கா... இதுல விதையே இல்ல!

– இதை வெட்டறப்ப மூணாம் நாள் கரண்ட் போயிட்டு வந்துச்சு. முனை துள்ளி அலகுகிட்ட குத்திடுச்சு. அச்சுல குழின்னா காசுல மேடு. மறுநாள் அச்சைக் குடுத்தாகணும். கை உளியை எடுத்தேன், குழியை விதையாக்கிட்டேன்.

– யார்கிட்டயும் சொல்லலையா?

– சொன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. இந்தப் பறவைப் படம் வரைஞ்சவருக்கு மாலை போட்டாங்க, 'விதையில நாட்டோட நம்பிக்கையை வெச்சார்'னு. எனக்குக் கோவம் இல்ல. எத்தனை கோடி கையில என் விதை புழங்குது! நெனச்சா நெஞ்சு நிமிருது சார். ஆனா 'தானா'ன்னு எழுதினா பொறுக்க மாட்டேன்.

– இந்தப் பலகை வேண்டாம்க்கா. உங்க பேரைப் போட்டுப் புதுசா எழுதறேன்.

– ஐயோ, வரைஞ்சவர் வீட்டு ஆளுங்க சண்டைக்கு வந்துடுவாங்க!

– வர மாட்டாங்க. 'அந்த விதை என்னோடது இல்லடா'ன்னு எங்கப்பா சாகற வரைக்கும் சொன்னார். அடக்கத்துல சொல்றார்னு நாங்கதான் நம்பலை.