மூன்றாவது அழைப்பு

ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கிற மாதத்தில் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா ஐயா? பிப்ரவரிக் கடைசியில் தோட்டமே மொட்டையாக நிற்கும். இரண்டு வாரம் போகட்டும், செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்த நிறத்தில் கொழுந்து விட்டிருக்கும். ஜொகூரில் வசந்தம் என்று ஒன்று வருவதானால் அதுதான். சருகு கணுக்கால்வரை கிடக்கும். அதில் இரண்டு பேர் சேர்ந்து ஓடினால் யாரோ நம்மைப் பாராட்டிக் கைதட்டிக்கொண்டே கூட வருவதுபோலச் சத்தம் கேட்கும்.

வாக்குமூலத்தை இப்படியா தொடங்குவது என்று நினைப்பீர்கள். தமிழிலேயே, மனதில் வருகிறபடி எழுதிக் கொடுங்கள் என்றது நீங்கள்தான். துணிக்கடைக்காரன் சரக்கைப் பிரிப்பதற்கு முன் பாயை விரிப்பான். அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் காசிவிஸ்வநாதன். பாலோ கடைவீதியில் எங்களுக்கு மூன்று தலைமுறையாகத் துணிக்கடை. சுகுமாறன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன், குளுவாங்கில் மின்னணுச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். ஏழு வருடத்துக்கு முன் தீபாவளிக்கு வேட்டி எடுக்க வந்தான். விலை சொன்னேன். கொடுத்துவிட்டு நடந்துவிட்டான். என் வாழ்நாளில் முதல் விலையைக் கொடுத்துப் போன ஒரே ஆள். எனக்கே கூச்சமாகி, தெருமுனைவரை துரத்திக்கொண்டு போய் மீதியைக் கையில் திணித்தேன். நாங்கள் சேர்ந்து ஓடிய முதல் ஓட்டம் அதுதான் என்று எல்லாரிடமும் சொல்லுவான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஓடினோம். விடிந்தும் விடியாததுமாகக் கடைவாசலில் கிளம்பி, தோட்டத்துச் செம்மண் சாலையில் மூன்று மணி நேரம். கால் ஓடும், வாய் அதைவிட வேகமாக ஓடும். நான் ஒவ்வொரு மேட்டிலும், "அந்த மரம்வரைக்கும் போய் நடக்கலாமா?" என்பேன்.

"செட்டியாரே, மேட்டுக்கிட்டக் கூடவா பேரம் பேசுவ? அது குறைச்சுக் கொடுக்காது லா."

"கேட்டுப் பாக்கறதுல என்னடா நஷ்டம்?"

"கேக்கற மூச்சுல பாதி மேடு ஏறிடலாம்."

ஏறிவிடுவான். மேலே நின்று, இடுப்பில் கை வைத்து, நான் வருகிறவரை சிரித்துக்கொண்டிருப்பான். என் மனைவி என்னிடம் பேரம் பேசுவாள். பிள்ளைகள் பேசுவார்கள். கோயில் கமிட்டியில் சாமியைத் தவிர எல்லாரும் பேசுவார்கள். அவன் ஒருவன்தான் நான் சொன்னதைச் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்வான். அந்த மூன்று மணி நேரம் நான் கடைக்காரனாக இருக்கத் தேவையில்லை. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த வருடம் ஏப்ரல் கடைசியில் ஜொகூர் பாருவில் முழு மாரத்தான். இரண்டு பேரும் பெயர் கொடுத்தோம். நாற்பத்தைந்து தாண்டிவிட்டது, நெஞ்சைச் சோதித்துவிடுவோம் என்று குளுவாங்கில் ஒரு கிளினிக்குக்கு அவனைக் கூட்டிப் போனது நான்தான். இரண்டு ஆளாக வருகிறோமே என்று அங்கேயும் பேசிக் குறைத்தேன். அவன் வெட்கப்பட்டு வெளியே போய் நின்றான். அதனால் அவன் ஃபாரத்தையும் நானே நிரப்பினேன். தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டு போகக் கூடாது, வாசலிலேயே பெட்டியில் பூட்டிவிடுவார்கள். அதனால் அவனுக்கு வருகிற பார்சல், பள்ளிக்கூடத்துத் தகவல், எல்லாமே என் கடை எண்ணுக்குத்தான் வரும். கிளினிக்குக்கும் அதையே எழுதினேன். பழக்கம்.

கிளினிக் பெண் சாந்தினி மூன்று முறை அழைத்ததாகச் சொல்கிறாள். இரண்டை இப்போதே ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவதற்கு வருகிறேன், அவசரப்படுத்தாதீர்கள்.

முதல் அழைப்பு செவ்வாய்க்கிழமை. கடையில் இன்னும் முதல் போணி ஆகவில்லை.

"சுகுமாறன் சார் இருக்காங்களா?"

"வேலைக்குப் போயிட்டாரும்மா. நான் கூட்டாளி."

"ரிசல்ட் வந்திருச்சு அங்கிள். அவரை உடனே கூப்பிடச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. என் அப்பா ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். விலை பிடிக்காவிட்டால் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடு. விற்கிறவன் முதல் தரம் திரும்பக் கூப்பிடுவது சும்மா ஒப்புக்கு. இரண்டாவது ஆசையில். மூன்றாவது தரம் கூப்பிட்டால்தான் அவன் நிஜமாகவே பேசுகிறான். இந்தக் கணக்கில்தான் நாங்கள் பட்டும் பருத்தியும் வாங்கிப் பிழைத்தோம். நான் அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டதும் என்னை அறியாமல் நடக்கத் தொடங்கிவிட்டேன். நிஜமான விஷயமானால் திரும்பக் கூப்பிடுவார்கள்.

வியாழக்கிழமை கூப்பிட்டாள்.

"சொன்னீங்களா அங்கிள்?"

"ஆள் பிஸிம்மா."

"அப்படின்னா இது மட்டும் சொல்லிடுங்க. டாக்டரைப் பாக்கறவரைக்கும் ஓட வேணாம். மத்தது அவர்கிட்டதான் பேசணும்."

அன்று இரவு படுத்துக்கொண்டே யோசித்தேன். டாக்டர்கள் எப்போதுமே கொஞ்சம் ஏற்றித்தான் சொல்வார்கள். ஏழு வாரத்தில் பந்தயம். அவன் இதற்காகச் சோற்றைக் குறைத்திருந்தான். கஸ்தூரி, அவன் மனைவி, பந்தயத்தன்று எல்லைக்கோட்டில் நிற்க இப்போதே சேலை பார்த்து வைத்திருந்தாள், என் கடையில்தான். இத்தனை பேர் ஆசையை ஒரு போன் பேச்சுக்காகக் கலைப்பதா? பந்தயம் முடிந்ததும் நானே கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போவதென்று முடிவு செய்தேன். நல்ல எண்ணம்தான். அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு ஓடினோம். நான் கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கு முழங்கால் வலி என்று பொய் சொல்லி வேகத்தைக் குறைத்தேன். தண்ணீரை நானே சுமந்தேன். மேடு வந்தால் முதலில் நான் நடந்தேன், அவனும் நடக்க வேண்டுமென்று. இரண்டாவது ஞாயிறு அவன் நின்று மார்பைத் தடவினான்.

"என்னமோ பிடிக்குது லா."

"ராத்திரி என்ன சாப்பிட்ட?"

"நாசி லெமாக்."

"ராத்திரில தேங்காய்ப்பால் சோறா? அப்பறம் என்ன, வாயுதான். ஏப்பம் விடு."

ஏப்பம் விட்டான். சிரித்தான். அந்த விலைக்கும் மறுபேச்சு பேசவில்லை.

அந்த மூன்று ஞாயிறும் ஏழு வருடத்தில் மிக அழகானவை ஐயா. இந்த வரியை இரண்டு தரம் எழுதி அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். கொழுந்தெல்லாம் விரிந்து வெயிலை மஞ்சளாக வடிகட்டிக்கொண்டிருந்தது. அவன் மகள் லோஷினி கணக்கில் தோற்றதைச் சொல்லிச் சிரித்தான். நான் கேட்டுக்கொண்டே ஓடினேன். ஒவ்வொரு வார்த்தையும் இனிமேல் கிடைக்காத சரக்குபோல இருந்தது. ஏன் அப்படி இருந்தது என்று அப்போது நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் மூன்றாவது ஞாயிறு, இருபத்தாறாவது கிலோமீட்டர், செம்பனைத் தோட்டம் தொடங்குகிற முக்கு. "செட்டியாரே" என்றான். பேரம் பேசப் போகிறான் என்று நினைத்தேன், முதல் தடவையாக. திரும்பிப் பார்த்தபோது சருகில் முகம் கவிழ்ந்து கிடந்தான். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்த லாரிக்காரர் சாட்சி சொல்வார்.

காரியமெல்லாம் முடிந்தபின் கஸ்தூரி கிளினிக்கில் போய்க் கேட்டாள். அவர்கள் பதிவேட்டைக் காட்டினார்கள். "திங்கள் காலை 11.10. நோயாளியிடமே பேசினேன். புரிந்துகொண்டார்" என்று சாந்தினி எழுதியிருந்தாள். அந்த நேரத்தில் அவன் தொழிற்சாலைக்குள் இருந்தான், கைப்பேசி வாசல் பெட்டியில் இருந்தது. அவன் வேலைக்கு உள்ளே போக அட்டை அடித்த நேரத்தைக் கஸ்தூரி தொழிற்சாலையில் வாங்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். பதிவு பொய் என்று ஆகிவிட்டது. சாந்தினியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரிக்க நீங்கள் வந்தீர்கள்.

போன வாரம் கடையில் வைத்து நீங்கள் கேட்டபோது, ஒரு நாளைக்கு நூறு பேர் கூப்பிடுகிறார்கள், எனக்கு நினைவில்லை என்றேன். அது முதல் விலை ஐயா. நீங்களும் நம்பவில்லை என்று தெரியும்.

நேற்று முன்தினம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். சாதாரண வாயில் சேலை ஒன்றைத் தொட்டு, என்ன விலை என்றாள். சொன்னேன். துணியைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.

"குறைக்கவாம்மா?" என்றேன்.

"வேணாம் அங்கிள். நீங்க சொன்னதையே நம்பித்தானே எழுதினேன்."

பணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். சேலையை எடுத்துப் போகவில்லை. நான் அதை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை ஓடினேன். அவள் பேருந்தில் ஏறிவிட்டாள்.

ஆகவே மூன்றாவது அழைப்பு. அந்த மூன்றில் முதல் ஞாயிறு ஓடிய மறுநாள் திங்கட்கிழமை, பதினொன்று பத்து, சாந்தினி எழுதிய நேரம் சரி. மூன்றாவது தரம் கூப்பிட்டால் நிஜம் என்று தெரிந்தவன் நான். அந்தப் பெண், "இன்னிக்கு சுகுமாறன் சார்கிட்ட பேசாம வைக்க மாட்டேன் அங்கிள்" என்றாள். இருங்கள் என்று சொல்லி, போனை மேசைமேல் வைத்தேன். ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு கஜம் கிழித்துக் கொடுத்தேன். பிறகு எடுத்து, கொஞ்சம் தடித்த குரலில், "நான்தான் சுகுமாறன் பேசறேன்" என்றேன். பிறந்த தேதி கேட்டாள். சொன்னேன். ஃபாரம் நிரப்பியவனுக்குத் தெரியாதா? அவள் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். இதயத் தசை தடித்திருக்கிறது, ஓடும்போது சட்டென்று நின்றுவிடலாம், இனி ஓட்டமே கூடாது, நடைதான் என்றாள். "புரியுதா சார்?" என்று கேட்டாள். புரியுது என்றேன். புரிந்தது. பந்தயத்துக்குப் பிறகும் எனக்கு ஞாயிறு இல்லை என்று புரிந்தது. அதற்கு முன் எத்தனை ஞாயிறு எடுத்துக்கொள்ள முடியும் என்றுதான் நான் பார்த்தேன்.

அவன் ஆசை, கஸ்தூரியின் சேலை எல்லாம் நான் மேலே விரித்த பாய். உள்ளே இருந்த சரக்கு இதுதான்.

சாந்தினி மேல் தப்பே இல்லை. கையெழுத்துப் போடத் தயார். போடுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். இதன் நகல் கஸ்தூரிக்குப் போகும் என்றீர்கள். மூன்றாவது அழைப்பைக் கிளினிக் கோப்போடு வைத்துக்கொண்டு, அவளிடம் முதல் இரண்டை மட்டும், கடைக்காரன் சொல்ல மறந்துவிட்டான் என்று காட்டினால் ஆகாதா? அவள் இன்னும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். முழுசாக விட்டுவிடச் சொல்லவில்லை ஐயா. பாதிக்குப் பாதிதான் கேட்கிறேன்.