‘பொறுங்க அக்கா’வுக்கு, ‘சரி’யை அமுக்கியவர்கள் வாசித்தளிப்பது

பொறுமைக்கோர் பேருருவே! பிழை பொறுத்த பெருந்தகையே! இருபத்தொன்பது ஆண்டுகள் இம்மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்துக் கணினிகளைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் ‘பொறுங்க அக்கா’வே! வணக்கம்.

எதற்கெடுத்தாலும் ‘பொறுங்க’ என்றே தொடங்குவதால் தாங்கள் பெற்ற பட்டப்பெயர் அது. முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். முகத்துக்கு நேரேயும் சிரித்தோம். தாங்களும் எங்களோடு சேர்ந்து சிரித்தீர்கள்.

புதிதாய்ச் சேர்ந்தவர் எவரும் முதல் வாரமே கேட்பது ஒன்றுதான்: “அக்கா, புது இயங்குதளம் வந்துடுச்சாமே, போட்டுடலாமா?” இன்னும் முழுதாய் உருவாகாத சோதனைப் பதிப்பின் மீது எங்களுக்கு அத்தனை மோகம்! தாங்கள் சீறியதில்லை, சினந்ததில்லை. மூலையில் கிடந்த பழங்கணினியைக் காட்டுவீர்கள். “பொறுங்க. இதுல போட்டு ஆசை தீர விளையாடுங்க. இது செத்தா யாரும் அழமாட்டாங்க. வேலை நடக்கிற கணினியில மட்டும் வேண்டாம். எதையெல்லாம் நீக்கப்போகுதுன்னு அதுவே ஒரு பட்டியல் காட்டும்; கடைசி வரி வரைக்கும் படிங்க. நகல் எடுத்தா மட்டும் போதாது, திறந்து பாருங்க.” இதையே கைப்பட எழுதிச் சுவரில் ஒட்டினீர்கள். நாங்கள் அதன் மேலேயே விடுப்புப் பட்டியலை ஒட்டினோம்.

சென்ற ஆண்டு, கணவரின் அறுவைச் சிகிச்சைக்காகத் தாங்கள் விடுப்பில் இருந்தபோது, உணவு இடைவேளையில், முதன்மைக் கணினியிலேயே சோதனைப் பதிப்பை ஏற்றினோம். பட்டியல் வந்தது. பசி, படிக்கவில்லை. ‘சரி’யை அமுக்கினோம். முடிவுகளைச் சேமிக்கும் மென்பொருளும் அப்பட்டியலில் இருந்தது. தரவுகளையும் துடைத்துக்கொண்டு போயிற்று. நகலைத் திறந்தால் வெறும் கோப்புப் பெயர்கள், உள்ளே ஒன்றுமில்லை! வாரந்தோறும் நகலைத் திறந்து பார்க்கும் பொறுப்பு எங்களுடையது. பாராமலே ‘பார்த்தாயிற்று’ என்று நான்கு மாதம் கையொப்பமிட்டிருந்தோம்.

இருநூற்றுப் பதினான்கு பேரிடம் மறுபடி இரத்தம் எடுத்தோம். ஏழாம் வார்டில் ஒரு தாய், “நேத்துதானே எடுத்தீங்க?” என்று கேட்டபடியே மகளின் கையைப் பிடித்துக்கொடுத்தார். அப்பெண்ணின் சிகிச்சை ஒரு நாள் தள்ளிப்போனது. மூன்றாம் நாள் அவள் இல்லை. தாமதம் காரணமல்ல என்றார் மருத்துவர். அதை நம்ப இன்றுவரை முயன்றுகொண்டிருக்கிறோம்.

விடுப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்தீர்களே அக்கா! எங்களில் இருவர் பணி நிரந்தரமாகாதவர்கள். ‘என் உத்தரவின்படியே மாற்றப்பட்டது’ என்று விசாரணைத் தாளில் எழுதிக் கொடுத்தீர்கள். “உங்களுக்கு இன்னும் முப்பது வருஷம் இருக்கு. எனக்கு ஒண்ணுதானே!” என்றீர்கள். கண்டனம் தங்கள் பணிப்பதிவேட்டில் ஏறியது. “அந்தப் பொண்ணு சாவுக்கு இவதான் காரணம்” என்று நடைவழியில் தங்கள் காதுபடவே பேசினார்கள். நாங்கள் கேட்டும் கேளாதவர்போல் நடந்தோம். வெட்கங்கெட்டவர்கள் நாங்கள்.

தலைமை மருத்துவர் அவர்களே! கண்ணாடிச் சட்டமிட்டு அக்காவிடம் அளிக்குமுன் இம்மடலின் ஒரு படியைத் தங்கள் கையில் தருகிறோம். அக்காவின் ஏட்டிலுள்ள கண்டனத்தை நீக்கி எங்கள் ஏடுகளில் எழுதுங்கள்.

அக்கா, எழுந்து வந்து தடுக்காதீர்கள். ‘பொறுங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஓராண்டு பொறுத்தது போதும். நோயின்றி, நொடியின்றி, நிமிர்ந்த தலையோடு நெடுங்காலம் வாழ்க!

இங்ஙனம்,
பரிசோதனைக் கூடக் கணினிப் பிரிவினர் நால்வர்.

இதைக் கடைசி வரி வரை படித்துப் பார்த்தே கையொப்பமிட்டோம்.