பன்னிரண்டு மணி நேரம் நனையக் கூடாது

காருக்கு மெழுகு போடுவதா, சீலன்ட் போடுவதா என்று இந்தப் பேட்டையில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். நீங்களும் போன மாதம் கேட்டீர்கள், போதகர் ஐயா. அன்றைக்கு வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். இன்று வேறு காரியமாக வந்திருக்கிறீர்கள். சபை மூப்பர் பதவிக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். தலையில் கைவைத்து ஜெபிப்பதற்கு முன்னால் மனதில் ஏதாவது உறுத்தல் உண்டா என்று கேட்பது உங்கள் கடமை. இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். உட்காருங்கள். கதவு திறந்தே இருக்கட்டும், பரவாயில்லை.

நீங்கள் தலைநகர் லுசாகாவிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. செம்பு உருக்கும் ஆலையின் புகையை நாங்கள் சென்டா என்போம். காற்று நம் பக்கம் திரும்பினால் தொண்டையில் தீக்குச்சியை உரசினதுபோல இருக்கும். பெண்கள் கொடியில் கிடக்கும் துணியை உருவிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். இந்தப் பேட்டையில் அவகாடோ மரத்தைத் தவிர வேறு எதுவும் உருப்படியாக வளராததற்கும் அதுதான் காரணம். ஏழு மாதம் மழை கிடையாது. அந்த ஏழு மாதப் புகையும் கூரையிலும் தூசியிலும் படிந்து கிடக்கும். முதல் மழை அத்தனையையும் கரைத்துக் கொண்டுவந்து கொட்டும். என் முதல் கார் வெள்ளை நிறம். மூன்றே மழைக்காலம். மேல்கூரை முழுக்க அம்மைத் தழும்பு விழுந்துவிட்டது.

இந்த நீலக் கார் அப்படி ஆகக் கூடாது என்று முடிவு செய்தேன். உருக்காலையில் இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டினேன். ஆட்களைக் குறைத்தபோது கையில் கொடுத்ததை வைத்து இதை வாங்கி, தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து நானே நான்கு நாள் ஓட்டிக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையில் புதிதுபோல இருந்த பொருள் இது ஒன்றுதான்.

மெழுகு என்பது ஒரு பனை ஓலையிலிருந்து எடுப்பது. ஆழமாக மினுங்கும். துடைத்த கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம், மழை பெய்தாலும் கவலை இல்லை. ஆனால் நம் ஊர் அக்டோபர் வெயிலில் ஆறு வாரம் தாங்காது. சீலன்ட் ரசாயனம். ஆறு மாதம் நிற்கும், புகையின் அமிலத்துக்கு அசைந்து கொடுக்காது. ஒன்றே ஒன்று, பழைய மெழுகு ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு அலசி, ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, பெயின்ட்டை அம்மணமாக்கிவிட்டுத்தான் பூச வேண்டும். பூசிய பிறகு பன்னிரண்டு மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் வண்டிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. பழையது போய்விட்டது, புதியது இன்னும் பிடிக்கவில்லை.

இதை உங்களிடம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

இந்தத் தெருவில் கார் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். கார் வைத்திருப்பவன் தெருவுக்கே டிரைவர் என்பது இங்கே எழுதாத சட்டம். நான் குறை சொல்லவில்லை. பதினோரு பிரசவத்துக்குப் போயிருக்கிறேன். அதில் இரண்டு பின்சீட்டிலேயே முடிந்தன. ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னது கிடையாது. இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

அடுத்த வீட்டு கத்தொங்கோவை உங்களுக்குத் தெரியும். சபைப் பாடகர் குழுவில் தடித்த குரலில் பாடுகிறவர். அவர் மனைவி முசெங்காவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காலையில் வாசலில் அடுப்பு வைத்து விடும்புவா, அந்த மாவு உருண்டை, பொரித்து விற்பாள். முதல் சட்டி உருண்டைகளில் இரண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும், மகள் லொம்பே கையில் கொடுத்து அனுப்புவாள். முசெங்காவுக்கு இழுப்பு. சென்டா அடிக்கிற நாளில் மூச்சு முட்டும். நான்கு தடவை அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். வண்டியில் பத்து நிமிஷம். அங்கே ஆவி பிடிக்கும் மெஷினில் உட்கார வைத்தால் அரைமணியில் சிரித்துக்கொண்டு வெளியே வருவாள். நான்கு தடவையும் காருக்குள் ஏறுமுன் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மூச்சு விட முடியாத நிலையில்கூட.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய அக்டோபர் கடைசி சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து தகரக் கொட்டகைக்கு அடியில் சீலன்ட் பூசிக்கொண்டிருந்தேன். கத்தொங்கோ வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

“என்ன மபாலோ அப்பா, பொண்டாட்டிக்கு என்னிக்காவது இப்படி எண்ணெய் தேச்சு விட்டிருக்கீங்களா?”

“அவளுக்குக் கை இருக்கு, அவளே தேச்சுக்குவா. வண்டிக்கு ஏது கை?”

உள்ளேயிருந்து முசெங்கா குரல் கொடுத்தாள். “அண்ணே, அந்த மனுஷன்கிட்ட எதுக்குப் பேச்சு குடுக்கறீங்க? போன வருஷம் கழுவின சைக்கிள் இன்னும் ஈரமாத்தான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருக்கார்.”

எல்லோரும் சிரித்தோம். அவள் பேசி நான் சிரித்தது அதுதான் கடைசி.

பூசி முடித்தபோது மணி பத்து. இரவு பத்து மணி வரை வண்டி நகரக் கூடாது. இரண்டு மணிவாக்கில் மேற்கே மழைக் கருக்கல் கட்டியது. காற்று திரும்பி, புகை தெருவுக்குள் இறங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் முசெங்கா இருமினாள்.

அந்த இருமல் எனக்கு அத்துப்படி. முதலில் வறட்டு இருமலாக ஐந்தாறு தடவை. அப்புறம் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு கதவுக் கீல் மாதிரி ஒரு சத்தம். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கத்தொங்கோ என் கதவைத் தட்டுவார். நான் வானத்தைப் பார்த்தேன், காரைப் பார்த்தேன். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, பானட்டைத் துணி வைத்துத் தூக்கி, பேட்டரி வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கினேன். பானட்டை மூடும்போது கைரேகை படாமல் பார்த்துக்கொண்டேன். ஸ்பேனரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போது இன்னும் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு கத்தொங்கோ ஓடி வந்தார். “மபாலோ அப்பா, இழுப்புக்கு அடிக்கிற பம்ப்பு தீந்துபோச்சு. அவளுக்கு உதடெல்லாம் கறுக்குது. சீக்கிரம் எடுங்க.”

உடனே எழுந்தேன். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். சத்தமே வரவில்லை. மறுபடி திருப்பினேன். இதில் நான் பொய் சொல்லவில்லை, வண்டி உண்மையாகவே கிளம்பவில்லை. “செத்துப்போச்சு போலிருக்கே” என்றேன். தெரு ஆட்கள் நான்கு பேர் தள்ளுகிறோம் என்று ஓடி வந்தார்கள். தானாகக் கியர் மாறும் வண்டி, தள்ளிக் கிளப்ப முடியாது என்று விளக்கினேன். அதுவும் உண்மை. கத்தொங்கோ பானட்டில் கை வைக்கப் போனார்.

“தொடாதீங்க. இன்னும் காயல.”

அன்றைக்கு நான் சொன்னதில் மனதாரச் சொன்னது அது ஒன்றுதான். அவர் கையை இழுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். பதற்றத்தில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள், அது வேறு ஊருக்குப் போயிருந்தது. சிமெண்டு அள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் கம்பளியை மடித்துப் போட்டு அவளை உட்கார வைத்தார்கள். மினி பஸ் பிடிக்க மெயின் ரோடுக்குப் போக வேண்டும். என் வாசலைக் கடக்கும்போது ஒரு பையன் என் காரைப் பார்த்து ஏதோ வைதான். முசெங்கா கையை ஆட்டினாள்.

“விடுங்க... அவரு... என்ன பண்ணுவாரு.”

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. செருப்பு அவள் மடியில் இருந்தது. பழக்கத்தில் கழற்றியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

நானும் ஒரு கை கொடுத்துத் தள்ளிக்கொண்டு போனேன். கால்பந்து மைதானத்துத் திருப்பம் வரை போனோம். அங்கே அவள் தலை சாய்ந்துவிட்டது. கத்தொங்கோ நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்கச் சொல்லி அவளிடம் கெஞ்சினார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பொய் அழுகை இல்லை ஐயா. அவளை எனக்கு உண்மையிலேயே பிடிக்கும்.

ஐந்தரை மணிக்குக் காற்று மேகத்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஒரு சொட்டு விழவில்லை.

அடுத்த நாள் என் மனைவி சட்டையைத் துவைக்க எடுத்தாள். ஸ்பேனரைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். “பையில இருந்தது” என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் இந்தக் காரில் ஏறுவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அவள் நடந்து வருவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். உடம்பு இளைக்கத்தான் நடக்கிறாள் என்று உங்களிடம் சொன்னவன் நான்.

செவ்வாய்க்கிழமை அடக்கம். பெட்டியை லாரியில் ஏற்றி, பெண்கள் சித்தேங்கே துணியைக் கட்டிக்கொண்டு சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டு போனார்கள். லாரிக்குப் பின்னால் முதல் வண்டி என்னுடையது. விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டினேன். பின்சீட்டில் கத்தொங்கோவும் லொம்பேயும்.

“என்னதான் ஆச்சு வண்டிக்கு?” என்று கேட்டார்.

“பேட்டரி வயர் கழண்டிருந்தது.”

“அவ்வளவுதானா?” என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, “அவளைப் பொழைக்க வைக்கக் கெளம்பல, பொதைக்கக் கெளம்பிருச்சு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்தின் முதல் மழை. எல்லோரும் குழியைச் சுற்றி நின்றார்கள். நான் திரும்பிக் காரைப் பார்த்தேன். தண்ணீர் பானட்டில் ஒட்டவே இல்லை, முத்து முத்தாக உருண்டு ஓடியது. சீலன்ட் அருமையாகப் பிடித்திருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது ஐயா. ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்காது. ஆனால் இருந்தது. லொம்பே என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

யாரும் என்மேல் சந்தேகப்படவில்லை. போலீஸ் வரவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அவள் இழுப்பில் சாகவில்லை. பத்து நிமிஷத் தூரத்தில் அவளைக் காப்பாற்றியிருக்கலாம், வேண்டாம் என்று தீர்மானித்தவன் நான். அதுவும் யாரும் வந்து கூப்பிடுவதற்கு முன்பே.

இரண்டு வருஷமாக இதைத் திருப்பித் திருப்பி யோசித்து, தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். மழை எப்போது வரும் என்று தெரியாத மாதத்தில் சீலன்ட்டைத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது. மெழுகு போட்டிருந்தால் அந்த நிமிஷமே வண்டியை எடுத்திருப்பேன். ஆகவே உங்கள் காருக்கும் மெழுகையே சொல்கிறேன்.

அம்மாவைப் போலவே லொம்பேக்கும் இந்தக் குளிர்காலத்திலிருந்து இழுப்பு வந்திருக்கிறது. கத்தொங்கோ நேற்றுத்தான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். இந்தத் தடவை அசட்டையாக இருக்க மாட்டேன். மெழுகு டப்பா வாங்கி வைத்துவிட்டேன், அதோ அலமாரியில் இருக்கிறது பாருங்கள்.