தாது வருஷத்துக் குழி

— ஏலே ஞானராசு, மம்பட்டியக் கீழ போடு. ஊரே கூழுக்கு வரிசையில நிக்குது, நீ தானியக் குழிய மண்ணள்ளி மூடுத?

— சத்தம் போடாதீய அத்தை. அந்தத் தட்டியச் சாத்துங்க. பின்னால யாரும் வரலையே?

— நான் மட்டுந்தான். கமிட்டிக்காரங்க உன்னத் தேடுதாவ. எட்டு நாளா இந்த ஊர்க் கதையச் சொல்லித் தொண்டை கட்டின வாத்தியாரு, கடைசி நாள் காணாமப் போனா தேட மாட்டாவளா?

— அதாவது... இந்தக் குழிய இன்னிக்கு ஒருத்தரும் பாக்கக் கூடாது. சரிஞ்சு விழுந்துட்டுன்னு சொல்லிருங்க.

— நல்லாருக்கே. கடைசி நாளைக்குக் காட்டணும்னு நேத்து தோண்டும்போது பழைய மூடுகல்லே அகப்பட்டுச்சுன்னு வீரணன் ஊரெல்லாம் சொல்லிட்டான். உங்க தாத்தா தேவஇரக்கம் பஞ்சத்துல தொறந்த அதே குழியாம். மேலத்தெரு சீனிச்சாமி ஐயாவுக்கு இதைத்தான் முதல்ல காட்டப் போறாவ. அவிய எதுக்கு வாராவன்னு தெரியுமில்ல?

— தெரியும்.

— தெரிஞ்சா மறுபடி கேட்டுக்க. அறுபது வருசம் சுத்தித் தாது வருசம் திரும்ப வந்திருக்கு, பஞ்சத்துல நம்ம ஆளுக பிழைச்ச ஊரை அப்படியே கட்டி அதுல குடியிருந்து காட்டுவோம்னு நீ சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாவ. பன்னெண்டு ஓலைக் குடிசை. காப்பி கிடையாது, மண்ணெண்ணெய் கிடையாது. இப்ப ராஜபாளையத்துல இருந்தும் சீவில்லிபுத்தூர்ல இருந்தும் மோட்டார்ல வந்து பாக்குதாவ. மேலத்தெரு சண்முகத்தாய், என்னை எட்ட நிக்க வச்சே பேசுதவ, நேத்து என் கையால கூழ் வாங்கிக் குடிச்சா. உங்க தாத்தா கம்பு அளக்கலைன்னா எங்க அப்பன் பிழைச்சிருக்க மாட்டான்னு அழுதா. இன்னிக்கு அதே கூழைக் குடிச்சுட்டுத்தான் சீனிச்சாமி ஐயா, மேலக் கிணத்துல நம்ம புள்ளைக குடம் முக்கலாம்னு சொல்லப் போறாவ.

— அதுக்குத்தான் மூடுதேன்.

— உள்ள என்ன கிடக்கு?

— ஒண்ணுமில்ல.

— ஏலே, உன்ன நாலு வயசுல இருந்து வளத்தவ கேக்கேன்.

— எலும்பு.

— ஆடா, மாடா?

— மனுச எலும்பு. நேத்தே வீரணனை அனுப்பிட்டு நான்தான் இறங்கிப் பாத்தேன். அதாவது, எனக்கு முன்னாலேயே தெரியும் அத்தை. அப்பா சாகும்போது சொன்னாரு. இந்தப் பக்கம் தோண்டாதேன்னு வீரணன்கிட்டச் சொல்லியிருக்கணும். ஏன்னு கேப்பானேன்னு வாயை மூடிக்கிட்டேன்.

— உங்க அப்பன் என்ன சொன்னான்?

— பஞ்சத்துல தாத்தாகிட்ட ரெண்டு குழி நிறையக் கம்பு இருந்துச்சாம். ஒருத்தருக்கும் ஒரு பிடி கொடுக்கல. விதைக் கம்புன்னாராம். ஒரு குழியோட கல்லை நகத்திக் காத்தாட விட்டிருந்தாரு. புதுசாத் தொறந்த குழிக்குள்ள விசக்காத்து நிக்கும். விளக்கை இறக்கிப் பாத்து, அது அணையாம எரிஞ்சாத்தான் ஆள் இறங்கணும். பசியில வந்த ஒரு ஆள், வெளிச்சம் தெரிஞ்சா மாட்டிக்கிடுவோம்னு விளக்கில்லாம இறங்கிட்டுது. தாத்தா பாத்துட்டாரு. விடிஞ்சதும் ஊர் முன்னால நிறுத்தலாம்னு கல்லைத் தள்ளி மூடிட்டாரு.

— விடிஞ்சதும்?

— மூச்சு இல்ல. அப்படியே மண்ணப் போட்டு மூடினாரு. அன்னைக்கே அடுத்த குழிய ஒடைச்சு, மேலத்தெரு கீழத்தெரு பாக்காம அளந்தாரு. அது தருமம் இல்ல அத்தை, பயம். அதைத்தான் நான் எட்டு நாளா தருமம்னு சொல்லிக் கைதட்டு வாங்கினேன்.

— செத்த இரு. உக்காந்துக்கிடுதேன்.

— தண்ணி கொண்டாரவா?

— வேண்டாம்... பயத்துல அளந்தாலும் கம்பு கம்புதான்லே. தின்ன வயிறு பிழைச்சுதா இல்லையா? இது வெளிய தெரிஞ்சா, பிணத்து மேல நின்னு அளந்த கூழா எனக்குன்னு சீனிச்சாமி ஐயா செம்பைக் கவுத்திட்டுப் போயிருவாவ. கிணறும் போயிரும்.

— அப்போ நீங்களும் மூடத்தான் சொல்லுதீயளா?

— பின்ன? நாம கட்டின இந்த ஊர்ல எனக்கு ஒரு குடிசை கூடக் கிடையாது. அவனவன் பாட்டன் குடிசையில அவனவன் வம்சந்தான் உக்காரணும்னு கமிட்டியில சட்டம் போட்டீய. கைப்பிள்ளையப் பாயில போட்டுட்டு ஆள் பிடிக்க வந்த கங்காணி பின்னால கண்டித் தோட்டத்துக்கு ஓடினவ மகளுக்கு என்ன குடிசைன்னு வைகுண்டராஜ் கேட்டான். சரித்தான்னு கூழ்ப்பானைப் பக்கம் போய் நின்னுக்கிட்டேன். அறுபது வருசமாக் கேக்குத பேச்சு, புதுசா என்ன வலிக்கப் போகுது? ஆனா சனங்க ரெண்டு கையும் ஏந்தி என்கிட்ட வாங்கிக் குடிக்கும்போது, இது எனக்கும் ஊருதான்னு தோணுச்சுலே. அதைக் கெடுத்திராத.

— அத்தை...

— உங்க தாத்தா என்னைத் தூக்கி வளத்த மனுசன். அவிய பேரைக் கெட விடமாட்டேன். கொடு மம்பட்டிய.

— வேண்டாம்.

— கூழ் கிண்டின கைக்கு மண்ணள்ளத் தெரியாதா? நீ அள்ளுத வேகத்துக்குப் பொழுது சாஞ்சிரும். தள்ளு.

— உங்க காலைப் பிடிக்கேன். நானே போடுதேன். நீங்க மட்டும் ஒரு பிடி மண்ணு போடாதீய.

— என்னலே இது, கண்ணெல்லாம் கலங்கி... சரி, மனசு உறுத்துதுன்னா ஒண்ணு செய். யாரோ பெத்த பிள்ளை, இத்தனை வருசம் ஜெபம் இல்லாமக் கிடந்துட்டுது. ஒரு ஜெபம் சொல்லு, மூடிருவோம். உங்க அப்பன் பேரு எதுவும் சொன்னானா?

— சொன்னாரு.

— பேரைச் சொல்லியே தொடங்கு. நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

— கண்ணைத் தொறங்க அத்தை. கண்டிக்கு ஓடிட்டாள்னு ஊருக்குள்ள சொன்னது எங்க தாத்தாதான். உங்க அம்மா எங்கயும் போகல.