வெள்ளை மூடிப் பெட்டி

கோசலா: ...முடிஞ்சுதப்பா. பொரிச்சுக் கொண்டுபோன கூஹ்லிப் பலகாரத்தில ஒண்டுகூட மிச்சமில்லை. முதியோர் இல்லத்து எண்பது கிழடுகளும் தட்டைத் துடைச்சு வைச்சிருக்குதுகள்.

நித்தியானந்தன்: அப்ப ஏன் அழுறீர்?

கோசலா: ஆர் அழுறது? பஸ்ஸுக்கு நிக்கிறன். குளிருக்கு மூக்கு ஓடுது.

நித்தியானந்தன்: குசினிக்குப் பொறுப்பான ஷெஃபின் என்ன சொன்னவ?

கோசலா: இவ்வளவு மெல்லிசாப் பொரிச்ச கூஹ்லி எந்த ஃபஸ்நாக்ட் கோமாளித் திருவிழாவுக்கும் தான் தின்னேல்லையாம். முதலாம் திகதியிலயிருந்து வேலை நிரந்தரம். கடுதாசியும் கையில.

நித்தியானந்தன்: நான் சொன்னனெல்லோ. ரொட்டி உருட்டின கை...

கோசலா: பொறுங்கோ. எனக்கு ஒண்டு விளங்கேல்லை. வீட்டில கட்டின ஏப்ரனை அங்க போய்த் திருப்பிக் கட்டேக்கை அவிச்ச மா மணந்தது.

நித்தியானந்தன்: மாவோ...

கோசலா: ஓம். காலமை நான் சீனித்தூள் எண்டு அரிச்சுத் தூவினது மாவை. செவ்வாய் விரதமெண்டு வாயிலயும் வைச்சுப் பாக்கேல்லை. விளங்கேக்கை தட்டெல்லாம் மேசைக்குப் போட்டுது. வேலை போச்செண்டு கதவு இடுக்கால எட்டிப் பாத்தன்.

நித்தியானந்தன்: பிறகு?

கோசலா: பிறகென்ன, கோமாளித் தொப்பி போட்ட ஒரு கிழவர் விரலை நக்கி நக்கித் தின்னுறார். எப்பிடியப்பா மா இனிக்கும்?

நித்தியானந்தன்: முருகன்தான்...

கோசலா: முருகனை விடுங்கோ. நான் குளிக்கப் போகேக்கை குசினியில நிண்டது நீங்கள்.

நித்தியானந்தன்: ...சரி. பிரஷ்ஷால ஒவ்வொண்டாத் தட்டித் துடைச்சு, மேல்வீட்டு மனிசியிட்டச் சீனித்தூள் வாங்கித் தூவினனான்.

கோசலா: சாரத்தோடயோ போனனீங்கள்?

நித்தியானந்தன்: வேற நேரமிருந்ததோ?

கோசலா: மா எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?

நித்தியானந்தன்: பஸ் வந்திட்டுதோ?

கோசலா: எத்தினை திண்டனீங்கள்?

நித்தியானந்தன்: ஒண்டு.

கோசலா: சீனி வருத்தக்காரன்...

நித்தியானந்தன்: மூண்டு.

கோசலா: சரி, விடுங்கோ. இண்டைக்குக் கோவம் வருகுதில்லை. நீங்கள் இல்லாட்டி என்ர கதி என்ன? பிழையும் என்னிலதான். உங்களுக்கு ஒளிக்கவெண்டுதான் சீனித்தூளை வெள்ளை மூடி ஐஸ்கிறீம் பெட்டியில கொட்டி, மாப்பெட்டிக்குப் பின்னால வைச்சனான். ரெண்டும் ஒரே மாதிரிப் பெட்டி. அவசரத்தில நானே மாத்தி எடுத்திட்டன்.

நித்தியானந்தன்: கோசலா...

கோசலா: என்ன? பஸ் வருகுது, கெதியாச் சொல்லுங்கோ.

நித்தியானந்தன்: நீர் மாத்தி எடுக்கேல்லை. எடுத்தது சரியான பெட்டிதான். அதுக்குள்ள இருந்த சீனியைத் தைப்பொங்கலுக்கு முதலே நான் கரண்டியாலை திண்டு முடிச்சிட்டன்... நீர் கண்டுபிடிக்கக் கூடாதெண்டு மாவைப் போட்டு நிரப்பி வைச்சதும் நான்தான்.